நீலமாய் வந்த பேயெள்ளுக் காடு

கோகுல், திவ்யா, இருபத்தெட்டு வயதில் ஒருவன் ரிட்டையர் ஆகிறான் என்றால், ஒன்று அவன் கிரிக்கெட் ஆடியிருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போல வெறுங்கையை ஃபிலிம் கழுவுகிற டெவலப்பர் மருந்துக்குள் விட்டு அலசியிருக்க வேண்டும். என் விரல் இடுக்குகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கலர் டெவலப்பர் சிலருடைய தோலுக்கு ஒத்துவராது. முதல் சில வருடம் ஒன்றுமே செய்யாமல் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். பிறகு ஒரு நாள் ஒரு சொட்டு பட்டாலே முழங்கை வரை அரிக்கும். தோல் டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ இதுல கைய வெச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். வேலைக்கு வந்த முதல் நாளே கையுறை மாட்டிக்கொண்டு நின்ற திவ்யாவைப் பார்த்து, "என்னாங்க டாக்டரம்மா, இன்னிக்கு எத்தன ஆப்பரேசன்?" என்று கேட்டவன் நான்தான். அந்தக் கிண்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்ற கிண்டல்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எந்த மருந்துக்குப் பிறகு எந்த மருந்து என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக் காட்ட நான் தேவையில்லை. பத்தாவதில் அறிவியலில் கோட்டை விட்டவனான எனக்கே அது புரிகிறது என்றால் உங்களுக்குப் புரியாதா? சுவரில் ஒட்ட முடியாத ஒரு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால், நான் எங்கிருந்து வந்தேன் என்று தெரிந்தால்தான் நான் செய்த தப்பு புரியும். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட பிறகு தர்மபுரியில் ஒரு எக்ஸ்ரே சென்டரின் இருட்டறையில் நாலு வருடம் இருந்தேன். அங்கே எக்ஸ்ரே எடுத்தது ஒரு அக்கா. பெயர் வேண்டாம், எழுதினால் வீடு தேடி வந்து அடிக்கும். அந்த அக்கா என்னை உட்கார வைத்துப் பாடம் எதுவும் நடத்தவில்லை. நான் படத்தைக் கெடுத்தால், "கால் ஒடஞ்சு வந்தவன மறுபடியும் மேல ஏத்திப் படுக்க வெக்கணும். நீயே போயி தூக்கு" என்று என்னையே அனுப்பும். இரண்டு முறை தூக்கினேன். கால் ஒடிந்தவர் போட்ட சத்தத்தில் மூன்றாவது முறை படம் கெடவில்லை. பிறகு எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. இருட்டறையில் லிஃப்ட் வைத்தார்கள். எனக்கு மட்டும் அந்த மருந்து வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் பெங்களூரில் ஆட்கள் பழையபடி ஃபிலிம் ரோல் போட்டுப் படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன் இருக்கும்போது எதற்கு ரோல் என்று நானும் கேட்டேன். நீங்கள் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களால்தான் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரே, உரக்கடை மாடியில், ஃபிலிம் கழுவுகிற நம் கடை ஓடுகிறது. மாதம் இரண்டு பேராவது மாடியேறி வந்து, "கத்திரியில புழு விழுந்துருச்சுங்க, என்ன அடிக்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களைக் கீழே அனுப்பிவிடுங்கள். நான் சில சமயம் என் சொந்த யோசனையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது வேறு கதை.

கலர் ரோலுக்குக் கலர் டெவலப்பர். கறுப்பு வெள்ளை ரோல் கொண்டுவருகிற காலேஜ் பசங்களுக்கு நான் எக்ஸ்ரே டெவலப்பரையே ஊற்றிக் கழுவிக் கொடுப்பேன், நன்றாகவே வரும். ஆகவே கடையில் இரண்டு டெவலப்பரும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி பழுப்புக் கண்ணாடி பாட்டில். கலருக்குச் சிவப்பு மூடி, எக்ஸ்ரேக்குக் கறுப்பு மூடி, மேலே பெயர் எழுதிய காகிதம்.

நீங்கள் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வருடம், ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவினேன். மெக்கானிக் ஸ்பேனரைக் கழுவுகிறான், டெய்லர் மிஷினைத் துடைக்கிறான், நமக்கு ஆயுதம் என்றால் பாட்டில்தானே? எல்லா பாட்டிலையும் துடைத்தேன். ஈரத்தில் காகிதங்கள் ஊறி உரிந்து வந்தன. நாளைக்குப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம் என்று தூக்கி எறிந்தேன். மூடிகளையெல்லாம் ஒரே பேசினில் மஞ்சள் தண்ணீரில் போட்டு அலசி, போனைத் தோளில் இடுக்கி ஒரு நண்பனைக் கலாய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினேன். சந்தனம், குங்குமம், ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு முழம் பூ. பார்க்கக் கல்யாணப் பெண்கள் மாதிரி வரிசையாக நின்றன. யார் யாருக்கு எந்த மூடி என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

மறுநாள் விஜயதசமி. காலை பத்து மணிக்கு ரஞ்சிதா வந்தாள்.

சித்தேரி மலைமேல் ஒரு ஊர். சாமையும், எண்ணெய்க்குப் பேயெள்ளும் போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். பெங்களூரில் ஒரு அமைப்பு கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் தங்க இடம் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்லித் தருகிறது. அதற்கு மனுப் போட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன கேமராவும் ஒரே ஒரு கலர் ரோலும் அனுப்பியிருந்தார்கள். முப்பத்தாறு படம். உன் ஊரை எடு, உன் பக்கத்து ஊரிலேயே கழுவு, நெகட்டிவை வெட்டாமல் முழு நீளமாக அனுப்பு, கலரில் இருக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு ரோல் கிடையாது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு கொரியர் மூடிருவாங்களாண்ணா. அதுக்குள்ள ஆயிருங்களா?" என்றாள். "கடைசி நாளு நாள மறுநாளுங்க. இன்னிக்குப் போட்டாத்தான் போயிச் சேரும்."

"ஒரு மணிக்கே ஆயிரும். என்னாத்த எடுத்த? முப்பத்தாறும் ஆட்டுக்குட்டியா?"

"ஆடு ரெண்டுதாண்ணா. மீதியெல்லாம் பேயெள்ளுக் காடு. இப்ப மலையெல்லாம் மஞ்சளா பூத்துக் கெடக்குது. இன்னும் ஒரு வாரத்துல கொட்டிப் போயிரும்."

"பெங்களூருல எடம் கெடைக்கலன்னா?"

சும்மா கேட்ட கேள்வி. அவள் சும்மா பதில் சொல்லவில்லை.

"தீபாவளி முடிஞ்சதும் திருப்பூர் வேன் வருங்க. பனியன் கம்பெனிக்கு. எங்கூர்ல மூணு பேரு போறாங்க. இது கெடச்சா பெங்களூரு போ, இல்லன்னா வேன்ல ஏறுன்னுட்டாரு எங்கப்பா."

ரோலின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை, நாம் நாக்கு என்கிறோமே, அதை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு ரோலைச் சுற்றி டேங்கில் ஏற்றினேன். விஜயதசமி முதல் வேலை, அதனால் டேங்குக்கும் ஒரு சூடம் காட்டினேன். ரஞ்சிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் வாளி சரியான சூட்டில் இருந்தது. சிவப்பு மூடி பாட்டிலை எடுத்தேன். ஊற்றினேன். மூன்றேகால் நிமிடம், ஆட்டி ஆட்டி, பாட்டுப் பாடிக்கொண்டு.

பிறகு டெவலப்பரைப் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றும்போது ஆவி மூக்கில் ஏறியது. நாலு வருடம் நான் மூச்சு விட்டு வாழ்ந்த வாசனை. தர்மபுரி இருட்டறை அப்படியே அந்தப் பாட்டிலுக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

அந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். உங்களுக்கும் ஒரு நாள் இது வரும். தப்பு தெரிந்த முதல் பத்து நொடியில் மூளை நின்றுவிடும், கை மட்டும் வேலை செய்யும். கைக்குப் பழக்கம்தான் தெரியும். பழக்கப்படி டெவலப்பருக்கு அடுத்தது பிளீச். என் கை பிளீச் பாட்டிலைத் தூக்கிவிட்டது, மூடியையும் திறந்துவிட்டது.

அதை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். ஃபிலிமில் இருப்பது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடத்து உப்பை டெவலப்பர் கறுப்பு வெள்ளியாக மாற்றும். கலர் டெவலப்பர் அதைச் செய்யும்போதே, அந்த வெள்ளிக்குப் பக்கத்தில் சாயத்தையும் பிறக்க வைக்கும். பிறகு பிளீச் வந்து கறுப்பு வெள்ளியை மறுபடியும் உப்பாக்கும். ஃபிக்சர் வந்து உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போகும். மிச்சம் நிற்பது சாயம் மட்டும். கலர் நெகட்டிவில் கடைசியில் வெள்ளியே இருக்காது. முதன்முதலில் இது தெரிந்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. வேலை முழுவதையும் செய்துவிட்டு, பெயர் வாங்காமல் போய்விடுகிறது வெள்ளி.

ஆனால் எக்ஸ்ரே டெவலப்பருக்குச் சாயம் பிறக்க வைக்கத் தெரியாது. வெறும் வெள்ளியைத்தான் கொடுக்கும். அப்படியானால் அந்த நிமிடம் டேங்குக்குள் ரஞ்சிதாவின் காடு முழுவதும் வெள்ளியாக மட்டுமே இருந்தது. அதன்மேல் வழக்கம்போல பிளீச்சும் ஃபிக்சரும் ஊற்றினால், காடும் போகும், ஆடும் போகும், வெறும் கண்ணாடித் தாள்தான் கையில் இருக்கும்.

பிளீச்சைக் கீழே வைத்தேன். டேங்கில் தண்ணீர் ஊற்றினேன். எது புரியாவிட்டாலும் தண்ணீர் ஊற்றலாம், தண்ணீருக்கு யார்மேலும் கோபம் கிடையாது. பிறகு எக்ஸ்ரே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னாடா, உயிரோட இருக்கியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"கலரெல்லாம் எனக்குத் தெரியாது. படம் வெள்ளியாத்தான நிக்குது?"

"ஆமாக்கா."

"அப்ப ஃபிக்சர்ல போடு. ஃபிக்சர்ல கெடந்த படம் எங்கியும் ஓடிப்போவாது. மொதல்ல அதக் காப்பாத்து. அப்பறமா ஒக்காந்து அழு. பூஜைக்கு மூடியெல்லாம் ஒன்னா கழுவுனியா?"

"அக்கா, உனக்கு எப்படி..."

"நானும் ஒரு வருசம் கழுவுனேன்டா" என்று வைத்துவிட்டது.

ஃபிக்சரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து டேங்கைத் திறந்தேன். பழுப்பு ஆரஞ்சு ஃபிலிமில் சாம்பலும் கறுப்புமாகப் படங்கள் நின்றன. மலை இருந்தது. பூ இருந்தது. ஆடு இரண்டும் இருந்தன. கலர் மட்டும் இல்லை.

வெளியே போய்ச் சொல்ல வேண்டும். அந்த ஆறு அடி தூரத்தில் மூன்று பொய்கள் தோன்றின. ரோலே பழசு என்று ஒன்று. கேமராவுக்குள் வெளிச்சம் பூந்துவிட்டது என்று ஒன்று. மூன்றாவது இன்னும் நன்றாக இருந்தது, அதை உங்களுக்குச் சொல்லித் தர மாட்டேன். அவள் கடலைக்காயை நீட்டி, "சாப்பிடுங்கண்ணா" என்றாள். மூன்றும் மறந்துபோயின.

"ரஞ்சிதா, நான் மருந்த மாத்தி ஊத்திட்டேன். படம் வந்துருச்சு. ஆனா கறுப்பு வெள்ளையில வந்துருச்சு."

அவள் உரித்துக்கொண்டிருந்த கடலையை உரித்து முடித்தாள். அழவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காட்டுங்க" என்றாள். உள்ளே வந்து, தொங்கிய ஈர ஃபிலிமை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். "இது என்னுது இல்லீங்க. எங்க காடு மஞ்சளா இருக்குது."

"தெரியும்மா."

"அண்ணா, ஒன்னு கேக்கறேன். கலரு எங்க இருக்குது? மருந்துலயா, ஃபிலிம்லயா?"

"ஃபிலிம்லதான். மருந்து எழுப்பிவிடும், அவ்ளோதான்."

"அப்ப அது எங்க போச்சு? மருந்தோட வெளிய வந்துருச்சா?"

எங்கே போயிருக்கும்? எக்ஸ்ரே டெவலப்பர் அதைத் தொடவே இல்லை. ஃபிக்சர் உப்பை மட்டும்தான் கரைக்கும். சாயமாக வேண்டிய சரக்கு அந்த ஃபிலிமுக்குள்ளேயே இருந்தது, யாரும் எழுப்பாததால் தூங்கிக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் நானும் பன்னிரண்டாவது வரை போயிருப்பேனோ என்னவோ.

இப்படி யோசித்தேன். வெள்ளி நிற்கிறது. நன்றாகக் கழுவிவிட்டு பிளீச்சில் போட்டால் அந்த வெள்ளி மட்டும் திரும்ப உப்பாகும். மற்ற உப்பையெல்லாம் ஃபிக்சர் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. ஆகவே படம் உள்ள இடத்தில் மட்டும் உப்பு இருக்கும். அதை வெயிலில் காட்டினால் முழுக்க வெளிச்சம் பட்ட உப்பு. இப்போது கலர் டெவலப்பரில் போட்டால்? உப்பு வெள்ளியாக வேண்டும், கூடவே சாயமும் பிறக்க வேண்டும்.

"வரும்னு நெனைக்கறேன்" என்றேன்.

"நெனைக்கறீங்களா, தெரியுமா?"

"நெனைக்கறேன்."

"அப்ப என்னுதுல செய்யாதீங்க. மொதல்ல வேற எதுலயாச்சும் செஞ்சு பாருங்க."

இருபது வயதுப் பெண் அப்போது சொன்னதை நான் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். குப்பைக்கூடையைக் கவிழ்த்து அவளே தேடி, அவளுடைய ரோலின் நாக்கை எடுத்துக் கொடுத்தாள். மூன்று துண்டாக வெட்டினேன்.

நாக்கில் ஏற்கெனவே வெளிச்சம் பட்டிருக்கும், அதனால் முதல் துண்டு எக்ஸ்ரே டெவலப்பரில் முழுக்கக் கறுத்தது. ஃபிக்சரில் முக்கி, லேசாக அலசி, பிளீச்சில் போட்டேன். கறுப்பு கரைந்தது. கரைந்துகொண்டே போய், ஒன்றுமே இல்லாத வெறும் ஆரஞ்சுத் தாள் ஆகிவிட்டது. அதன்பின் கலர் டெவலப்பரில் எவ்வளவு நேரம் போட்டும் அசையவில்லை. ரஞ்சிதா அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நடுவுல சரியா கழுவலீங்களே. எங்கூட்ல ராகி கழுவறதுக்கே நாலு தண்ணி ஊத்துவோம். நீங்க கை நனைக்கற மாதிரி நனச்சு எடுத்தீங்க."

அதேதான். ஃபிலிமில் ஊறி நின்ற ஃபிக்சர், பிளீச் மாற்றிக் கொடுத்த உப்பை அங்கேயே கரைத்துவிட்டது. அவளுடைய முழு ரோலில் இதைச் செய்திருந்தால் கறுப்பு வெள்ளைப் படம்கூட மிஞ்சியிருக்காது. அன்றைக்கு நான் பயந்த இடம் இதுதான். பாட்டில் மாறியபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

இரண்டாவது துண்டையும் அதேபோல் கறுக்க வைத்து ஃபிக்சரில் முக்கினேன், இந்த முறை அவளே கழுவினாள். ட்ரம்மில் பாதித் தண்ணீர் காலியானது. பிளீச்சில் கறுப்பு போய் மங்கிய மோர் நிறம் ஆனது, ஆனால் மறையவில்லை. மாடி வெயிலில் இரண்டு பக்கமும் காட்டினேன். கலர் டெவலப்பர் எது என்று இப்போது மூக்கை வைத்து முகர்ந்து எடுத்து, அதில் விட்டேன். துண்டு கறுத்தது. மறுபடி பிளீச், மறுபடி ஃபிக்சர். இனிமேல் அதில் வெள்ளி ஒரு துளியும் இருக்க வழியில்லை. எடுத்துப் பார்த்தால் காப்பிக்கொட்டை மாதிரி கருத்த நிறத்தில் நின்றது.

"இது சாயம்" என்றேன். "இதுல இருக்கறது பூராவும் சாயம்."

"மூணாவது துண்டுலயும் பாருங்க."

"எதுக்கு? வந்துருச்சே!"

"ஒரு தடவ வந்தா அதிஷ்டமா இருக்கும்ணா."

மூன்றாவது துண்டிலும் வந்தது. மணி இரண்டு.

பிறகு ரோல். நான் அரை மணி நேரம் கழுவினேன், அவள் பக்கத்தில் நின்று தண்ணீரை எண்ணினாள். பிளீச்சில் இறக்கியதும் மலை மங்கியது, ஆடு மங்கியது. அவள் என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "போவுதுண்ணா! போவுது, எடுங்க!"

"போவல. வெளிறுது. நாக்கும் இப்படித்தான் வெளிறுச்சு."

சொன்னது தைரியமாக. ஆனாலும் ஆடு இருக்கிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்த்தேன். கழுவி எடுத்து மாடியில் நீளமாகப் பிடித்து நின்றோம், இந்த முனையை நான், அந்த முனையை அவள். புரட்டாசி வெயில் அடித்தது. கீழே உரக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "என்னப்பா, பாம்புச் சட்டையா?" என்று கேட்டார். இத்தனை வருடம் வெளிச்சமே படாமல் ஃபிலிமைப் பொத்திப் பொத்தி வைத்தவன் நான். அன்றைக்கு நடு வெயிலில் விரித்துக் காயவிட்டேன்.

இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. இருட்டு தேவையில்லை. கலர் டெவலப்பரை ஒரு அகல ஜாடியில் ஊற்றி, எங்கள் கண் எதிரிலேயே இறக்கினேன். கறுப்பு திரும்பி ஏறியது. கடைசி பிளீச், கடைசி ஃபிக்சர். தண்ணீரிலிருந்து தூக்கினேன்.

மலை முழுவதும் நீலம்.

"என்னண்ணா நீலமா இருக்குது?" அவள் குரல் உடைந்தது. காலையிலிருந்து முதல்முறையாக.

"நெகட்டிவ்மா. எல்லாம் தலகீழா. இதுல நீலம்னா நெசத்துல மஞ்சள்."

அவளுடைய போனில் நிறத்தைத் தலைகீழாக மாற்றிக் காட்டுகிற வசதியைப் போட்டு, கேமராவை ஃபிலிம்மேல் பிடித்தேன். சின்னத் திரையில் பேயெள்ளுக் காடு மஞ்சளாக எழுந்து நின்றது. நான் கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்திருக்கும். அவள் கத்தவில்லை. ஒவ்வொரு படமாக, முப்பத்தாறையும், பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிற வாத்தியார் மாதிரி பார்த்தாள்.

"கலர் வந்துருச்சுங்க. ஆனா எங்க மஞ்சள் இது இல்ல. எங்குது மஞ்சக்கெழங்கு மாதிரி இருக்கும். இது எலுமிச்சம்பழம். வானமும் கத்திரிப்பூவா இருக்குது."

உண்மைதான். சுற்றி வளைத்து வந்த கலர் நேர்வழியில் வந்த கலர் மாதிரி இருக்காது. கொஞ்சம் முரடாகவும் இருந்தது. ஃபேனுக்குக் கீழே கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மணி மூன்றரை.

"அப்படியே அனுப்பிரலாம்" என்றேன். "கலரு கேட்டாங்க, கலரு இருக்குது. நடுவுல நடந்தது யாருக்குத் தெரியப் போவுது?"

இதைச் சொன்னதில் என் சுயநலமும் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த அமைப்போடு பழக்கமுள்ளவர்கள்தான் பெங்களூரிலிருந்து நமக்கு ரோல் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர். மூடியை மாற்றிப் போடுகிற கடை என்று அங்கே ஒரு பேச்சுக் கிளம்பினால், நான் கீழே போய் யூரியா மூட்டைதான் தூக்க வேண்டும்.

அவள் தொங்குகிற ஃபிலிமில் வானத்தைக் காட்டினாள். "சொல்லலன்னா இந்த வானம் என் தப்பாயிரும்ணா."

மேஜைமேல் இருந்த பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எழுதிக் குடுங்க. என்ன நடந்துச்சோ அதை. நான் எழுதுனா நம்ப மாட்டாங்க. கழுவுனவரு எழுதுனா நம்புவாங்க."

என் கையெழுத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கும். பில் புத்தகத்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். 'வணக்கம். என்னுடைய ஒரு சிறிய தவறால்' என்று எழுதும்போதே மேலே குனிந்து படித்துவிட்டாள்.

"'சிறிய'வ அடிங்க."

"ஏன்மா?"

"சின்னதா பெருசான்னு நான்தான் சொல்லணும். நீங்க சொல்லக்கூடாது."

அடித்தேன். பூஜை, மூடி, எக்ஸ்ரே டெவலப்பர், அக்கா, நாக்கு, மூன்று துண்டு, வெயில், எல்லாவற்றையும் எழுதினேன். நிறம் மாறியதற்கு நான் பொறுப்பு, படம் எடுத்தவர் பொறுப்பல்ல என்று எழுதி, கடையின் சீலையும் குத்தினேன். நாக்குத் துண்டுகள் மூன்றையும் ஒரு சின்ன உறையில் போட்டு அதோடு இணைக்கச் சொன்னாள். "காலியா போனதும் இருக்கட்டுங்க. அது எப்படிக் காலியாச்சுன்னும் எழுதுங்க." எழுதினேன். நாலே முக்காலுக்குக் கொரியர் கடைக்காரர் ரசீது போட்டார். அவள் அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டாள், எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாட்டிலின் கண்ணாடியிலேயே பெயிண்டில் பெயர். எக்ஸ்ரே மருந்துக்கு வேறு அலமாரி. எந்த ரோலுக்கும் முன்னால் ஒரு நாக்குத் துண்டு. நான் இதையெல்லாம் நச்சரிக்கும்போது நீங்கள் இருவரும் கண்ணால் பேசிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். பேசிக்கொள்ளுங்கள், ஆனால் துண்டைப் போடுங்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள். தப்பு நடக்காமல் இருக்க இவை உதவும். நடந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு எந்த அலமாரியும் உதவாது. கையை நிறுத்த வேண்டும், இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும். அன்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள். கலர் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தோன்றியிருக்காது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ரஞ்சிதாவின் போன் வந்தது. பின்னால் பெங்களூர் வண்டிச் சத்தம்.

"அண்ணா, நேர்ல வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. முடிஞ்சுது."

"என்ன கேட்டாங்க?"

"உங்க லெட்டர ஒரு மேடம் சத்தமா படிச்சாங்க. உங்க கையெழுத்துல ரெண்டு எடத்துல தெணறிப் போனாங்க. அப்பறம் ஃபிலிம லைட் மேல வெச்சு, இதுல எது உன் தப்பு, எது அவரு தப்புன்னு பிரிச்சுக் காட்டுன்னாங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஒன்னொன்னா காட்டுனேன். இது கை ஆடுனது, நானு. இது ஆட்டோட காலு வெட்டுப்பட்டது, நானு. இது சூரியன மூஞ்சிக்கு நேரா வெச்சு எடுத்தது, நானு. வானம் கத்திரிப்பூ, அவரு."

"மொத்தம் எத்தன?"

"என்னுது பன்னெண்டுங்க. உங்குது ஒன்னே ஒன்னுதான். ஆனா அது முப்பத்தாறுலயும் இருக்குது."

"சரிம்மா, கெடச்சுதா இல்லையா? அதச் சொல்லு."

"கெடச்சுருச்சு. அதனாலதான் இவ்ளோ நேரம் திட்டாம பேசிட்டு இருக்கேன்."